மணலில் ஆள் தேடியவன்

என் நண்பர் சேகர் காவிரியில் குதித்துவிட்டார் என்றே முதலில் நம்பினேன். சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து இருவரும் சைக்கிளில் திருச்சி நூலகத்துக்குப் போவோம். படிப்பது பாதி, வம்பு பாதி. அன்று நான் கிளம்பத் தாமதமாகிவிட்டது. பாலத்தில் அவருடைய சைக்கிள் மட்டும் நின்றது. கூடையில் நூலகப் புத்தகம், கீழே செருப்பு. கைப்பிடிச் சுவரில் தொங்கியபடி, "சேகரு! சேகரு!" என்று அலறினேன்.

இளநீர்க்காரர் ஓடிவந்து என்னை இழுத்தார். "கீழ பாருங்க சார், வெறும் மணலு. இதுல எங்க குதிக்கிறது? அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரு. ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். யாரு, எவருன்னுதான் தெரியல."

தண்ணீரே இல்லாத ஆற்றில் ஆள் தேடிய அறிவாளி நான்! இப்போது என் சைக்கிளில் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். சேகரின் சைக்கிளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் பெயர் தெரியாதவராக இறந்துபோயிருந்தார்.