தையல்நாயகி அக்காவின் தூரத்துச் சாமிகள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் முதல் பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. அங்கே பஸ் நிற்கிற வழக்கம் கிடையாது. கண்டக்டர் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார்.

“விக்கிரமங்கலத்துலேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்கம்மா. உங்க ஓரகத்தி விடியக்காலம் தவறிட்டாங்களாம்.”

அவர் போகாமல் நின்று மறுபடி சொன்னார்: “எத்தனை எடத்துல என் வண்டிய நிறுத்தச் சொன்ன அம்மா! இன்னிக்கு அவங்களுக்காக நானே நிறுத்தியிருக்கேன். கெளம்பி இருங்க, திரும்புறப்ப உங்கள ஏத்திக்கிட்டுத்தான் போவேன்.”

தையல்நாயகி அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. அவருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனவள் நான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், “மகராசி, வாசப்படி தாண்டாதவ” என்று சொல்லி அழுதார்கள். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவை வாசப்படி தாண்டாதவர் என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. உடையார்பாளையத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நாங்கள் இருவரும் போய்ப் பார்க்காத இடிந்த கோயில் அநேகமாக இல்லை. அதை அறியாதவர்களுக்காகவும், அறிந்தும் மரியாதைக்காக மறைத்துப் பேசியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி விக்கிரமங்கலத்துக்கு வந்தது யுத்த காலத்தில். வீட்டை ஆண்டவர் எங்கள் மாமியார். சாவு, சீமந்தம், சாமி காரியம் என்றால் மருமகள்கள் ஊரைத் தாண்டலாம். வேடிக்கை பார்க்க என்று தாண்டக் கூடாது. இது அத்தை வைத்த சட்டம். அக்காவுக்கோ, தொலைவில் ஒரு மொட்டைக் கோபுரம் தெரிந்தால் போதும், கால் தரிக்காது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே அவர் தமக்கு ஒரு வழி வெட்டிக்கொண்டிருந்தார் என்பது நான் வந்த சில நாட்களிலேயே தெரிந்தது.

எங்கள் எருமை ஒன்று பால் குறைந்து போயிருந்தது. அடுப்படியில் அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

“அத்தை, எருமைக்குப் பால் ஊறணும்னு ஸ்ரீபுரந்தான் ஊரு ஈசுவரனுக்கு வேண்டிக்கிட்டேன். இப்ப பால் ஊறிடுச்சு.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். “ஏண்டி, உள்ளூர் மாரியம்மன் இல்ல? அவ்வளவு தூரத்துச் சாமிக்கு நம்ம எருமையத் தெரியுமா?”

“என்ன பண்றது அத்தை, வாயில வந்துடுச்சு.”

அத்தை முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்பது வாயை விட்டு வந்தால் வந்ததுதான். செலுத்தாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது. அத்தைக்கு அந்தப் பயம் மலையளவு. “சரி, போய்த் தொலைங்க. சின்னவளையும் கூட்டிக்க. பொழுதுக்குள்ள வூடு வந்து சேரணும்” என்றார்.

எனக்குக் கோயிலும் தெரியாது, சிலையும் தெரியாது. அக்கா கட்டிய புளிச்சோற்றின் வாசனை தெரியும். அதற்காகத்தான் கிளம்பினேன். ஏரிக்கரை மேல் நடந்து, பனைமர வரிசை தாண்டி, வரப்பில் வழுக்கி, என் கால் இரண்டும் என்னைத் திட்டத் தொடங்கியபோது கோயில் வந்தது. உள்ளே முள்ளும் வௌவாலும்தான் குடியிருந்தன. அக்கா விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, சுவரில் வெட்டியிருந்த பழைய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“எவனோ நம்ம பாட்டன் மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கான். நீ எட்டாவது படிச்சவதானே குஞ்சு, என்னன்னு சொல்லேன்.”

எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் படித்தவள் என்ற மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. “யாரோ ராஜா சாமிக்கு நிலம் கொடுத்திருக்காருக்கா” என்று அளந்துவிட்டேன். அக்கா அப்படியே நம்பிவிட்டார். பிற்பாடு என் கணவரிடம் இதைச் சொன்னபோது, கல்வெட்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும் என்றார். அன்று முதல் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன்: “நிஜமாவே வேண்டிக்கிட்டீங்களாக்கா?”

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “வேண்டிக்காம சாமி பேர்ல பொய் சொல்வேனா? எந்த ஊரு பார்க்கணுமோ அந்த ஊருச் சாமிக்கு முதல்ல வேண்டிக்குவேன். அப்புறம்தான் மாட்டுக்கு என்ன வந்திருக்குன்னு பார்ப்பேன்.”

அதன் பிறகு எங்கள் வீட்டு மாடுகளுக்கு வராத நோயில்லை, தீராத நோயுமில்லை. கன்றுக்குக் கழிச்சல் என்றால் ஓர் ஊர். காளைக்குக் குளம்பில் புண் என்றால் இன்னோர் ஊர். மச்சாண்டாருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, முதுகில் ஒரு கட்டி வந்து உடைந்தது. அந்த ஒரு கட்டியில் கொள்ளிடக்கரை முழுவதையும் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரு முறை வயல் நடுவே ஒரு மேட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்த கற்சிலை ஒன்றைக் கண்டோம். நீண்ட காது, மூடிய கண், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அக்கா பொங்கலை எடுத்து அதன் முன்னால் வைத்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

“அம்மா, அது சாமி இல்லீங்க. யாரோ செட்டியார்னு சொல்லுவாங்க.”

“செட்டியாரா இருந்தா என்ன, அவருக்குப் பசிக்காதா?” என்றார் அக்கா. பிறகு அந்தப் பொங்கலில் பாதியை ஆட்டுக்காரருக்கும் கொடுத்தார். அவரும் செட்டியாரைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறுவார். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். மற்றவர்கள் சபித்துக்கொண்டிருப்பார்கள், அக்கா மட்டும் பொட்டலைத் தாண்டி எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார். “விக்கிரமங்கலத்தம்மா, வண்டி கெளம்புது!” என்று கண்டக்டர் கத்துவார். கை நிறையச் சுருள் சுருளாக நத்தை போன்ற கற்களை அள்ளிக்கொண்டு அக்கா ஓடி வருவார். நாளடைவில், நின்று போகாத இடத்திலும் அக்கா கேட்டால் அவர் வண்டியை நிறுத்தத் தொடங்கினார்.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது, அக்கா கங்கைகொண்டசோழபுரத்துக்கு ஒரு வேண்டுதலைச் சொன்னார். அத்தை எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தச் சாமிய நானும் பார்க்கிறேன். வண்டி கட்டச் சொல்லு.”

அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றால் இனி எங்கள் ஊர்வலம் எல்லாம் அன்றோடு சரி. வழி நெடுக அக்கா வழக்கம்போல மரத்தையும் குளத்தையும் காட்டிக்கொண்டு வந்தார். புதர்களுக்கு மேலே அந்தப் பெரிய விமானம் எழும்பியதும் அத்தை வண்டிக்காரரிடம், “நிறுத்துப்பா” என்று சொல்லி இறங்கினார். மிச்ச தூரத்தை நடந்தே வந்தார்.

உள்ளே பெரிய நந்தியைச் சுற்றி வந்தார். சிங்கத்தின் வாய்க்குள் இறங்குகிற கிணற்றை எட்டிப் பார்த்து, “அம்மாடி!” என்றார். வடக்குச் சுவரில் ஒரு சிற்பம். சிவன் குனிந்து, காலடியில் கைகூப்பி அமர்ந்திருக்கும் பக்தனின் தலையில் பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அத்தை அதன் எதிரே நெடுநேரம் நின்றார். நாங்கள் பின்னால் நின்றோம்.

“சாமி அவனுக்குத் தலையில பூச்சுத்துறாரு” என்றார் அத்தை, திரும்பாமலே. “என் மருமவ எனக்குக் காதுல சுத்துறா.”

அக்கா அசரவில்லை. “எங்க சுத்தினாலும் பூதானே அத்தை” என்றார்.

அத்தை திரும்பினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அத்தைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் வண்டியில் திரும்பும்போது சட்டத்தை மறுபடி சொன்னார்: “போங்க, வேணாங்கல. ஆனா போற எடத்துல சாமி இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு ஊரு என்னைத்தான் கேக்கும்.”

இந்தச் சட்டத்தில்தான் அக்காவின் ஒரே ஓர் ஆசை மாட்டிக்கொண்டது. பஸ்ஸில் சாத்தனூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார், அவர் ஊர் ஓடையில் ஒரு பெரிய மரம் கல்லாகிக் கிடக்கிறது என்று. அக்கா கேட்ட கேள்விகளில் அந்த மனிதர் இறங்க வேண்டிய இடத்தையே தாண்டிப் போய்விட்டார். பட்டை அப்படியே தெரியுமா? கணு இருக்குமா? தட்டினால் சத்தம் மரம் மாதிரியா, கல் மாதிரியா? அந்தக் கடைசிக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரியவில்லை. அதுதான் அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது; வீட்டில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அதுக்கு ஒரு வேண்டுதல் போட்டுடுங்களேன்” என்றேன்.

“மரம் சாமி இல்லையே குஞ்சு. மனசுல சொல்லிப் பார்த்துட்டேன், வாயில வரமாட்டேங்குது.”

சாமி பெயரில் விளையாடினாலும் பொய் சொல்ல மாட்டார். ஆகையால், என் கணவருக்கு வேலை மாற்றலாகி நான் பெரம்பலூர் வந்த பிறகும், அக்கா என்னைப் பார்க்க வந்து போன போதெல்லாம்கூட, அந்த மரம் பார்க்காமலே கிடந்தது. “அது எங்கே ஓடிப்போகுது, கல்லுதானே” என்பார்.

இந்த வருஷம் தை பிறந்ததும் அக்கா படுத்துவிட்டார். மார்புச் சளி, விடாத காய்ச்சல். நான் போய் ஒரு வாரம் கூட இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போது, அத்தை கட்டிலருகே உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றுவிட்டேன்.

“சாத்தனூரு மரமே, இவள எழுப்பி வுட்டுடு. இவளையே கூட்டியாந்து உனக்குப் பொங்கல் வைக்கிறேன்.”

அக்கா கண்ணைத் திறந்தார். “அத்தை, அது சாமி இல்லையே.”

“தெரியும் போடி. வாயில வந்துடுச்சு.”

இருமலோடு இருமலாக அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ஒரு கிண்ணம் கஞ்சியும் குடித்தார். தேறிவிடுவார் என்று நம்பித்தான் நான் பெரம்பலூர் திரும்பினேன். கொஞ்ச நாள் தேறவும் செய்தார். பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த மறுநாள், அத்தை புதுப் பானை ஒன்றை எடுத்து வைத்து, பச்சரிசியை அளந்து முடிந்தார். மச்சாண்டார் பார்த்துவிட்டு, “எங்கம்மா கெளம்பற?” என்று கேட்டார்.

“சாத்தனூருக்கு.”

“வேண்டினது நடக்கலியேம்மா. அதுக்கு எதுக்குப் பொங்கல்?”

அத்தை முடிச்சை இறுக்கினார். “வாயில வந்துடுச்சுல்ல” என்றார். மச்சாண்டார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்றுப் போய்விட்டு வந்தோம். எங்கள் கண்டக்டர் பெரம்பலூரில் எங்களைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “பாடாலூர்ல பத்திரமா இறக்கிவுடு, இவங்க விக்கிரமங்கலத்தம்மா வூட்டாளுங்க” என்று அந்த வண்டிக்காரரிடம் ஒப்படைத்தார். பாடாலூரிலிருந்து மாட்டுவண்டி. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. வழியெல்லாம் கரிசல். ஓடைக்கரையில் இறங்கி நடந்தபோது என் கால்கள் பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தன. சொல்லி முறையிட அக்கா இல்லையே என்று அவற்றைப் பாட விட்டேன்.

மரம் நீட்டிப் படுத்திருந்தது. பட்டை வரி வரியாக, கணுக் கணுவாக, வெட்டிச் சாய்த்த மரம் போலவேதான். அத்தை அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கரையில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தோம். இறக்கியதும் நான் இரண்டு இலையைப் போட்டேன். அத்தை என்னைப் பார்த்தார்.

“அவ இலை எங்க?”

மூன்றாவது இலையையும் போட்டோம். அத்தை அதில் முதல் கரண்டியை வைத்துவிட்டு, எழுந்து போய், கை மடக்கி அந்த மரத்தைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

“கல்லுதான் தையலு” என்றார், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல. “சத்தம் கல்லுதான்.”

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பெரம்பலூர் நெருங்கும்போது கேட்டார்: “வடக்கே ரஞ்சன்குடியில ஒரு கோட்டை இருக்குன்னு சொல்லுவாளே. அதுக்குள்ள சாமி இருக்கா?”

“தெரியலை அத்தை.”

“இல்லாட்டிப் போவுது. அடுத்த வாரம் புளிச்சோறு கட்டு.”

அக்கா, நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் செருப்புத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அத்தையைப் பிடித்து நிறுத்த இனி இந்த வீட்டில் ஆளில்லை.