ஐந்து பிள்ளைக்கு ஒரு குப்பி

மேல்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து, தட்டம்மை ஊசி போட வேண்டியிருந்தது. துணைக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற்ற கிராமத்து நர்ஸ் ஒருத்தி கீழ்வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் யார்தான் விடுவார்கள்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் சுகாதார நிலையம். போனோம். கூட்டமே இல்லை, எங்கள் குழந்தை ஒன்றுதான். வேலையிலிருந்த சின்னப் பெண் பெட்டியிலிருந்து புதுக் குப்பியை எடுத்து மூடியைத் தட்டி நீக்கினாள்.

"ஒரே பிள்ளைதானேம்மா, உடைக்கிறியா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஒரு பிள்ளை வந்தாலும் உடைக்கணும் மேடம். மிச்சம் வீணானா பரவாயில்லைன்னு ஆர்டரே இருக்கு."

கூட வந்தவளுக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் உட்கார வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் ஒரு படம். உலகம் முழுக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் கோடு மேலே ஏறுகிறது, ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் பிள்ளைகளின் கோடு கீழே இறங்குகிறது. படம் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டாவது கோடு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அதற்குள் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அது ஏறினால் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன்.

எனக்கு முதல் வேலை கிடைத்தது மண்ணச்சநல்லூர்ப் பக்கம், வாய்க்காலை ஒட்டிப் போனால் வருகிற ஒரு கிராமத்தில். பெயர் வேண்டாம். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டுப் பழகியவளுக்குச் சங்கே ஊதாத ஊரில் பொழுது எப்படிப் போகிறது என்பதே விளங்கவில்லை. சைக்கிள் ஓட்டவும் வராது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பேன். முதல் நாள், பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பொடிசுகள் குச்சி ஐஸ் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தன. பெட்டியைத் திறந்ததும் வந்த வழியே ஓடின. என்னைப் பார்த்து அத்தனை பேர் ஓடியது அந்தக் காலத்தோடு சரி.

அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிதான். குத்திய ஊசியை மறுபடி குக்கரில் வைத்து அவிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் குக்கர் விசில் கேட்டதும் "எத்தனை ஊசி?" என்று கேட்டு வைத்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நாளைக்கு என்னைச் சோறு வைக்க விடவில்லை. அதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அவிப்பது என்றதும் இன்னொரு வாசனை வருகிறது, நெல் அவிக்கிற வாசனை. அந்தப் பக்கம் எங்கு திரும்பினாலும் ரைஸ் மில்தான். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, பெண்கள் காலாலேயே கிளறிக் காயவைப்பார்கள். பவுனு அப்படி ஒரு மில் களத்தில் வேலை பார்த்தாள். என்னைவிட ஓரிரு வயது சின்னவள். அவள் உள்ளே வந்தாலே ஊசி போடுகிற அறையில் புழுங்கல் வாசனை அடிக்கும். தலைப்பிள்ளை கோமதியை ஒரு ஊசிக்குக்கூடத் தவறவிட்டதில்லை. மற்ற தாய்மார்களைக் கெஞ்சி அழைத்துவர நான் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்த நாட்களில், கூப்பிடாமல் வந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த ஊரில் கூப்பிட்டாலும் வராததற்குக் காரணங்கள் இருந்தன. ஊசி போட்டால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் தாய் வேலைக்குப் போக முடியாது. வாய்க்கால் கரையில் பெரியவர்களை எரிக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பிள்ளைகளைப் புதைக்கிற இடம் இருந்தது. நான் போன முதல் வருஷம் அங்கே முழ நீளத்தில் புது மண்மேடுகள் பார்த்தேன். நாய் கிளறாமல் இருக்க மேலே கருவை முள் போட்டிருக்கும். அந்த வழியாக வரும்போது பெட்டி கனக்கும். இன்னும் வேகமாக நடப்பேன்.

புதன்கிழமை ஊசி நாள். தட்டம்மை மருந்து பொடியாக வரும். கூடவே வருகிற தண்ணீரை விட்டுக் கலக்க வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து பிள்ளைகளுக்கான மருந்து. கலக்கிய நாலு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்டியதற்குக் கணக்குக் கேட்பார்கள். எனக்கு மேலே ஒரு பெரிய நர்சம்மா இருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் வீணான மருந்தைப் பார்த்தால் கொதித்துப் போவார். எங்கோ வரவேண்டிய நாலு பிள்ளைகளின் மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாயே என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்று அழுதேன். அதற்குப் பிறகு நாலைந்து பிள்ளைகளாவது சேராமல் தட்டம்மைக் குப்பியை உடைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது சிக்கனமாகத்தான் தெரிந்தது.

கோமதிக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரம் பவுனு வந்தாள். மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஊரில் நடவு நேரம், வேறு யாரும் வரவில்லை. கோமதி என் மடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு பல், வலது புருவத்தின் மேல் ஒரு மச்சம். உச்சி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை.

"அடுத்த புதன் வந்துடு பவுனு. உனக்காக ஒரு குப்பியை உடைச்சா மிச்சம் வீணாயிடும்."

பவுனு ஒரு நொடி ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு, "சரிங்க நர்சம்மா, வரேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவள் போனபின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ்கூட உருகியிருக்கவில்லை. ஐந்து பிள்ளைகளுக்கான மருந்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினேன். திருப்தியாகக்கூட இருந்தது.

அடுத்த புதனுக்கு முந்தின நாள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை எந்தப் பிள்ளை உடம்பிலும் ஊசி குத்தக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். குவார்ட்டர்ஸ்காரிக்கு அது தெரியாது. பவுனுவுக்குத் தெரியும். அந்த நொடி அவள் சொல்ல வந்தது அதைத்தான். "ஏன் சொல்லலை?" என்று பின்னால் கேட்டபோது, "நீங்க ஒண்ணு சொல்றப்ப எதுத்து எப்படிங்க பேசறது" என்றாள். அந்த ஊரில் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள்.

காப்பு அவிழ்ப்பதற்குள் கோமதிக்கு அம்மை போட்டுவிட்டது. நான் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பவுனுவின் மாமியார் நிலைப்படியிலேயே என்னை நிறுத்திவிட்டார். ஆத்தா வந்திருக்கிறாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார். இருமல் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. தடிப்பு அடங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மூச்சு இழுக்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். ஓடினேன். விலா உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மில் லாரியைத்தான் கேட்டுப் பிடித்தோம். நெல் மூட்டைகளுக்கு நடுவே பவுனுவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பட்டப்பகல், நல்ல வெயில். கொள்ளிடம் பாலம் ஏறும்போதே கோமதி அடங்கிவிட்டாள். பவுனு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் எங்கள் நிலையத்துக்கு நல்ல பெயர். போட வேண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போட்டாயிற்று, வீணான மருந்தும் குறைவு. மேலே போகப் போக இப்படி ஊர் ஊராகச் சேர்ந்துதான் நாட்டின் கோடாகவும் உலகத்தின் கோடாகவும் ஆகிறது. கோமதி அதில் மீதியாக விழுந்த பிள்ளை. படத்தில் மீதிக்குக் கோடு கிடையாது. இன்றைக்கும் ஏதோ ஒரு தேசத்தில், ஐஸ் இல்லை, ரோடு இல்லை, ஆள் சேரவில்லை என்று ஒரு பிள்ளைக்காரி திருப்பி அனுப்பப்படுகிறாள். அனுப்புகிறவளும் என்னைப் போல நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பவுனுவுக்கு அடுத்தது பையன். அவனுக்கு ஒன்பது மாதம் ஆனதும் ஒரு புதன்கிழமை வந்தாள். அன்றும் தனியாகத்தான். உள்ளே வராமல் கதவோரம் நின்று, "ஆள் சேரணுங்களா நர்சம்மா? இருந்து பாக்கறேன்" என்றாள். குத்திக் காட்டவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உண்மையாகவே கேட்டாள். நான் குப்பியை உடைத்தேன். மிச்சத்தைக் கொட்டினேன். பெரிய நர்சம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன், கோமதியைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வீணானதைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் மாற்றலாகிப் போகும்போது வாய்க்கால் கரையில் புது மேடு பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இப்போது அங்கே பிளாட் போட்டுவிட்டார்கள். தட்டம்மைக்கு வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. ஸ்ரீரங்கத்தில் அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தட்டம்மை எப்படி இருக்கும் என்பது பாடத்தில் படித்ததுதான். நல்லது, அவள் பார்க்கவே வேண்டாம்.

போன மாசி மாதம் பவுனுவின் மகன் போன் செய்தான். அம்மா தவறிவிட்டார்கள், உங்களுக்கு மறக்காமல் சொல்லச் சொன்னார்கள் என்றான். அவன் அப்பா முன்பே போய்விட்டார், மாமியாரும் இல்லை. காரியத்துக்குப் போனேன். அவனுக்கு ஒரு அக்கா இருந்தது தெரியும், பெயர் தெரியவில்லை. என்னிடம் கேட்டான். சொன்னேன். போட்டோ இருக்கிறதா என்றான். ஒன்பது மாதப் பிள்ளையை அந்த ஊரில் யார் போட்டோ எடுத்தார்கள்?

ஆக, கோமதியின் முகம் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். மச்சம் வலது புருவத்தில் என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது யோசித்தால், இடதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.