அவள் வேண்டாம் என்றாள்

நான் பொய் சொன்னேன். என் மனைவி "வேண்டாம்" என்றதைச் "சம்மதம்" என்று மாற்றிச் சொல்லி, அவள் வயிற்றைக் கிழிக்க வைத்தவன் நான்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலை மலைக்குப் போனவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் சிங்களம் தெரியும். என் மனைவி லட்சுமிக்குத் தெரியாது.

தோட்டத்து லொறியில் அவளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் காலை, தமிழ் தெரியாத நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு குறைகிறதாம். உடனே வெட்டி எடுக்க வேண்டுமாம். அவளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

கேட்டேன்.

"வேணாங்க! வயித்த கிழிச்சவ கூடைய தூக்க முடியுமா? அப்புறம் புல்லு வெட்டத்தான் அனுப்புவாங்க. நானே பெத்துருவேன்னு சொல்லுங்க!"

எங்கள் தோட்டத்தில் அவளை மிஞ்சிக் கொழுந்து பறிக்க ஆளில்லை. அந்தப் பெயர் போய்விடுமே என்ற பயம்... அது அற்பப் பயமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் நர்ஸ் பக்கம் திரும்பி, "கெமதி மிஸ்" என்றேன். சம்மதமாம்! அவளிடமோ, "ரத்தம் ஏத்தணுமாம், கையெழுத்து போடு" என்றேன். என்னை நம்பிப் போட்டாள்...

மகள் நீலம் பாரித்து வந்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகை!

இன்று அவளே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் உத்தியோகக்காரி! சீருடையோடு அவள் பஸ் ஏறும்போது லயமே வாசலில் நிற்கும். குனிந்தே நடந்து பழகிய நான் அப்போது மட்டும் நிமிர்கிறேன். என் பொய் பெற்ற பிள்ளை அவள். மறுபடி அந்தக் கட்டிலருகே நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் லட்சுமி அவள் பயந்தபடியே புல்வெட்டுக்குப் போனாள். கூடை கட்டினால் தையல் இழுத்தது.

போன வாரம் தேநீர் குடிக்கும்போது மகளிடம் சொன்னாள்: "நான் வேணாம்னு சொல்லியும் வெட்டிட்டான், அந்தப் படுபாவி டாக்டரு."

"சம்மதம் இல்லாம வெட்ட மாட்டாங்கம்மா. அப்பாவாச்சும் சரின்னு சொல்லியிருப்பாரு."

"யாரு, உங்கப்பாவா? கடையில சீனி கேக்கவே கூச்சப்படுற மனுசன், டாக்டருகிட்ட பேசிக் கிழிச்சிருப்பாரு!"

இருவரும் சிரித்தார்கள். எனக்கு வரவேண்டிய சாபத்தை யாரோ ஒரு டாக்டர் இத்தனை வருடமாய் வாங்கிக்கொண்டிருக்கிறார்...

நானும் சிரித்தேன். கோப்பைகளை எடுக்க எழுந்த லட்சுமி, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.