பின்சீட்டில் ஆறு மூட்டை

தங்கையும் மாப்பிள்ளையும் துபாயில் இருக்கிறார்கள். அவர்களுடைய கார் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இருபது வருஷத்துப் பழைய வண்டிதான், ஆனாலும் மாப்பிள்ளைக்கு அதன்மேல் உயிர். என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது, "ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், எதுக்கு வேணும்னாலும் எடுங்க மச்சான். நெல்லு மட்டும் ஏத்தாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் காரில் நெல் ஏற்றுகிறவன் மாதிரியா இருக்கிறது என்று மனைவியிடம் இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறுவை அறுவடையிலேயே ஏற்றினேன்.

கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நெல்லில் ஈரம் கூடினால் எடுக்கமாட்டார்கள். இருந்த தார்ப்பாயைப் போட்டு மூடிய பிறகும் ஆறு மூட்டை வெளியே நின்றது. நான் வந்திருந்த காரின் பின்சீட்டில் நான்கு, டிக்கியில் இரண்டு என்று திணித்துக் கதவைச் சாத்தினேன். கார் நான்கு நாள் நெல்லோடு நிலையத்து வாசலிலேயே நின்றது. ஒரு சாக்கில் ஓட்டை இருந்ததை இறக்கும்போதுதான் பார்த்தேன். பெருக்கினேன், துடைத்தேன், ஊதுபத்திகூட ஏற்றி வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் திருவையாற்றிலிருந்து ஆற்றங்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். சாலையில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியதும் முன்விளக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. சுவிட்சைத் திருகினேன், டேஷ்போர்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். எதற்கும் அசையவில்லை. அடுத்த பள்ளத்தில் தானாகவே எரிந்தன.

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். "நம்ம பாய்கிட்ட காட்டுங்க" என்றார். பாய்க்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம். தங்கை அங்கே போய்ச் சேர்வதற்கு முன், துபாயில் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் பதினோரு வருஷம் இருந்தவர், வண்டி எலக்ட்ரீஷியன். ஊர் திரும்பி, மனைவியின் ஊரான திருக்காட்டுப்பள்ளியில் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருந்தார். தஞ்சாவூரில் பெரிய ஒர்க்ஷாப்பாக வைக்கலாம், முதல் என்னுடையது, வேலை உன்னுடையது என்று மாப்பிள்ளை அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பித்தான் பாய் ஊரிலேயே தங்கியிருந்தார்.

"இனிமே போறதில்லண்ணே. நான் வந்து எறங்குன அன்னைக்கு சின்னப் பொண்ணு என்னப் பாத்துட்டு கதவுக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சிக்கிச்சு. இப்பத்தான் மடியில வந்து உக்காருது" என்றார் முதல் நாளே.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். பேசிக்கொண்டேதான் செய்வார். "ரெண்டு லைட்டும் சேந்தே போவுதுன்னா பல்பு இல்லண்ணே. ரெண்டுக்கும் பொதுவான எடத்துலதான் கோளாறு." மின்சாரம் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். பியூஸ் நன்றாக இருந்தது. எர்த் ஒயர் மாட்டிய இடத்தில் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டி இறுக்கிவிட்டு, ஏதோ யோசித்தவர் போல நிமிர்ந்தார்.

"வண்டியில நெல்லு, தவிடு எதாச்சும் ஏத்துனீங்களா? அந்த வாசனைக்கு எலி வரும். அப்படின்னா டேஷ்போர்டக் கழட்டிப் பாத்துடறேன். ஒரு நாள் வேலதான்."

"சேச்சே! மாப்பிள்ளை வண்டியிலயா?" என்றேன். கொஞ்சம் கோபத்தோடேயே சொன்னேன். எவ்வளவு தத்ரூபமாக வந்தது அந்தக் கோபம்!

பத்து நாள் விளக்கு ஒழுங்காக எரிந்தது. பிறகு மறுபடி போயிற்று. இரண்டாவது தடவை ரிலேவை மாற்றினார், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றி உள்ளே துடைத்தார். தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும், தங்கை வீட்டில் என் மானம் போய்விடும் என்ற பயம்.

மூன்றாவது முறை விளக்கு அணைந்தது மழைமூட்டமாக இருந்த ஒரு மாலையில். எதிரே சாலையில் பாதி வரை நெல் காயப்போட்டு, குவித்து மூடியிருந்தார்கள். சுற்றிலும் அணைவாகக் கல் வைத்திருந்தார்கள். சக்கரம் கல்லை இடித்து நின்றது. நெல்லுக்குக் காவல் இருந்த அம்மாள் துள்ளி எழுந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? லைட்டு இல்லாம என்னய்யா வண்டி ஓட்டுற?" என்று பிடித்துக்கொண்டாள். நானே வருஷா வருஷம் அதே சாலையில் நெல் காயப்போடுகிறவன். ஏறி மிதித்துப் போகும் கார்க்காரர்களை வாய் வலிக்கத் திட்டியவன். அன்று கைகட்டி நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்த எரிச்சலை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "உங்க பாய் பேசுறதுல கெட்டி. வேலைதான் சுத்தமில்ல" என்றேன்.

மறுநாள் ஷெட்டில் பாய் என்னைக் கேட்கவே இல்லை. டேஷ்போர்டை முழுக்கக் கழற்றிக் கீழே வைத்தார். பியூஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு கைப்பிடி அள்ளி பெஞ்சில் போட்டார். உமி, எலிப்புழுக்கை, சணல் சாக்கு நூல். ஈரத்தில் வெளிறி முளைவிட்ட நெல் நாலைந்து. விளக்குக்குப் போகும் ஒயரை எலி கடித்து, இரண்டு மூன்று செம்பு இழைதான் மிச்சம் இருந்தது. குலுங்கினால் விலகும், குலுங்கினால் சேரும்.

"எத்தன மூட்டண்ணே?" என்றார்.

"ஆறு" என்றேன்.

"மொதல்லயே கேட்டனே." அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். ஒயரை வெட்டி ஒட்டி, உறை போட்டு, நாடா சுற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கிளம்பும்போது, "மாப்பிள்ளகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

சொல்லத்தான் போன் போட்டேன். "ஒயரை எலி கடிச்சிருக்கு மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தேன். "எலி கடிச்சதக் கண்டுபிடிக்க மூணு தடவையா?" என்றார் அவர். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "என்ன பண்றது" என்றேன். இப்போதும் அந்த இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தால் உடம்பு கூசுகிறது.

ஒர்க்ஷாப் பேச்சை மாப்பிள்ளை தள்ளிப்போட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றாராம். சின்ன ஷெட்டை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இரண்டு மாதத்தில் பாய்க்குத் திரும்பவும் விசா வந்தது. விடைபெற்றுப் போக வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு மாப்பிள்ளகிட்ட சொல்லிட்டீங்கல்லண்ணே?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேனே" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் தெரிஞ்சும் தள்ளிப்போடறாருன்னா, அவருக்கு என்னப் புடிக்கலன்னு அர்த்தம். பதினோரு வருசம் ஒரே சட்டியில சாப்ட்டோம்ண்ணே" என்றார். காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுப் போனார்.

போன மாதம் மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். வந்த அன்றே காரின் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனி உறை, நாடா, கட்டு. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவன் வேலையையா சுத்தமில்லன்னு சொன்னீங்க?" என்றார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர் போல, "துபாய்க்கே திரும்பி வந்துட்டான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. போன் பண்ணா எடுக்கறதில்ல. நான் என்ன பண்ணேன் அவனுக்கு?" என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆறு மூட்டையையும் சொன்னேன். மூன்று தடவை பாய் கேட்டதாகச் சொல்லி, உடனே இரண்டு தடவை என்று திருத்தினேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னேன். விடைபெற வந்த அன்று பாயிடம் நான் சொன்ன பொய்யையும் விடவில்லை.

மாப்பிள்ளை திட்டவில்லை. பெட்டியின் மூடியை மெதுவாகப் பொருத்தினார். "உங்க போன்லேருந்து போடுங்க. என் நம்பர்னா எடுக்கமாட்டான். உங்க நம்பர்னா எடுப்பான்" என்றார்.

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே. லைட்டு நல்லா எரியுதா?"