போலந்து மேஸ்திரிக்கு அக்கா கொண்டுவந்த கறி

கம்பளிக் காலுறைக்குள் திணித்து, அதன்மேல் ஸ்வெட்டரைச் சுற்றி, பெட்டியின் அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள் மேஸ்திரியின் அக்கா. உருவி மேசைமேல் வைத்தபோது வளையமாக, கருத்து, புகைவாசனையோடு கிடந்தது பன்றி சாசேஜ். ஏர்போர்ட்டில் எப்படித்தான் தப்பியதோ.

எண்பதுகளில் நியூஜெர்சியில் ஒரு தச்சுப்பட்டறையில் இருந்தேன். மேஸ்திரி போலந்துக்காரர். அவர் வீட்டு மாடியில்தான் நானும் மனைவியும் குடியிருந்தோம். எல்லோரும் ஒரே மாதா கோயில். பூசை முடிந்தால் ஞாயிறு மதியச் சாப்பாடு பெரும்பாலும் கீழ்வீட்டில்தான். பன்றிக் கொழுப்பை வெங்காயம் போட்டு உருக்கி, ஆறவைத்து, ரொட்டியில் தடவித் தருவார்கள். தூத்துக்குடியில் என் அம்மா மீன் பொரித்த சட்டியில் சோற்றைப் பிரட்டித் தருவாள், ஏறக்குறைய அந்த ருசி. அதை விடுங்கள்.

பிறகு மேஸ்திரிக்கு நெஞ்சுவலி வந்தது. கொழுப்பு கூடாது, உப்பு கூடாது என்றார் டாக்டர். அன்றோடு அவர் மனைவி மாறிவிட்டாள். தவிட்டு ரொட்டி, வேகவைத்த பீட்ரூட். "மாட்டுக்குக்கூட உப்பு வைப்பாங்கப்பா" என்று பட்டறையில் முனகுவார். அவர் இங்கிலீஷை என் தமிழில் சொல்கிறேன்.

அவர் ஊரிலோ அப்போது கறிக்கு ரேஷன், விடியுமுன் வரிசை. போனில் அக்கா என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்போதெல்லாம் இவர் உள்ளதைச் சொன்னார். தவிட்டு ரொட்டி, பீட்ரூட். தம்பி அமெரிக்காவில் பட்டினி கிடக்கிறான், மானத்துக்காக டாக்டர் பேரைச் சொல்லி மறைக்கிறான் என்று நினைத்துவிட்டாள் அவள். கொழுப்பை வேண்டாமென்று தள்ளுகிற மனிதனை அவள் கண்டதே இல்லை. தன் பங்குக் கறியைத் தின்னாமல் சேர்த்து, புகைபோட்டுக் கொண்டுவந்துவிட்டாள். இதை எங்களுக்குச் சொல்லும்போதே மேஸ்திரியின் குரல் இறங்கிப்போனது.

அக்கா கனமாக ஒரு துண்டு வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மேஸ்திரியின் மனைவி, மெல்ல.

"அவ கையப் பாரு" என்றார் மேஸ்திரி.

பார்த்தோம். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் தின்றார். அக்கா இன்னொரு துண்டு வெட்டினாள். அவர் மனைவி கத்தியைப் பிடுங்கிவிடுவாள் என்றிருந்தேன். எழுந்து போய், அலமாரியில் மறைத்து வைத்திருந்த கடுகுச் சாந்தை எடுத்துவந்து அவர் தட்டருகே வைத்தாள்.

அக்கா ஊர் திரும்பியதும் மறுபடி பீட்ரூட்தான். போனில் மட்டும் தினமும் பன்றிக்கறி என்று சொல்லிவந்தார். "பொய் சொல்றது பாவந்தான். அவ வயித்தக் கட்டுனது யாரு பாவம்?" என்று என்னைக் கேட்டார்.

இப்போது டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். சர்க்கரை. இரவுக்கு ஓட்ஸ் கஞ்சி. ஊரிலிருக்கும் தங்கச்சியிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். "மருமவ சோறு போடலியா?" என்று அழுதாள். அவளே இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சாப்பிடுகிறவள்.

நேற்றும் கூப்பிட்டாள். "என்னண்ணே சாப்பிட்டிய?"

"சோறும் சீலா மீன் குழம்பும்."

கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க வந்த மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொரிச்ச மீனும் உண்டா?" என்றாள் தங்கச்சி.

"உண்டு" என்றேன்.