பீப்பாய் மேல் மேயர்

தீ மணி அடித்த மறு நொடியே மேயர் லெமுவல் க்ராடக் காலிப் பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். எரிகிற வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயின் மேல் அதைக் கவிழ்த்துப்போட்டு, ஏறி உட்கார்ந்துவிடுவார். அவருடைய கழுகுக் குழு பம்பு வண்டியை இழுத்துக்கொண்டு வரும்வரை வேறு எவனும் அந்தக் குழாயைத் தொட முடியாது. ஆள் மூன்று மூட்டை மாவு எடை.

ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் டாரன்ஸ்பரிக்கு இரண்டு தீயணைப்புக் குழுக்கள்: கழுகு, அருவி. இரண்டிலும் சம்பளமில்லாத ஆட்கள். முதல் தண்ணீரை அடித்தது யார் என்பதுதான் பேச்சு. வீடு பிழைத்ததா என்று கேட்பவன் வெளியூர்க்காரன்.

மேயருக்குத் தொழிலே பீப்பாய் செய்வது. ஊர் நீதிபதியும் அவரே; காலையில் குடிகாரர்களை விசாரிப்பதும் பீப்பாய் மேல் உட்கார்ந்துதான். நகரசபை வாங்கிக் கொடுத்த நாற்காலிகள் மூன்றும் அவர் உட்கார்ந்த அன்றே உயிரை விட்டன.

"நேத்து குடிச்சியே, என் பீப்பாய் சரக்கா?"

"ஆமாங்கய்யா."

"ஒழுகுச்சா?"

"ஒரு சொட்டு ஒழுகலீங்க."

"நல்ல பையன். வீட்டுக்குப் போ."

இந்த வருடம் வம்பு வந்தது. இரண்டு குழுக்களையும் கலைத்துவிட்டு, குதிரை இழுக்கும் நீராவிப் பம்பும் சம்பள ஆட்களும் வைக்க ஒரு தீர்மானம். சபையில் நாலுக்கு நாலு. செவ்வாய்க்கிழமை மேயர் ஓட்டுதான் முடிவு.

"அந்தக் கொதிக்கிற அண்டாவுக்கா ஓட்டுப் போடுவேன்? நான் கழுகுக்காரன்யா!" என்றார்.

திங்கள் மதியம் மணி அடித்தது. புகை வந்தது அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து. மேயர் எதிரே இருந்த குழாய் மேல் உட்கார்ந்தார். முதலில் வந்தது அருவிக் குழு. தலைவர் கசாப்புக்கடை ஃபினியஸ் ஓடம்.

"எந்திரிய்யா மேயரே, எரியறது உன் வீடு!"

"தெரியுது. எங்க ஆளுங்க சர்ச் கிட்ட வந்துட்டானுங்க."

மாடி ஜன்னலில் மனைவி ஹெப்சிபா இருமினாள். "ஏங்க, நீங்க எந்திரிக்கிறீங்களா, இல்ல நான் குதிக்கட்டுமா?"

"ரெண்டே நிமிஷம், ஹெப்பி!"

ஓடம்தான் ஏணி போட்டு அவளை இறக்கினார். கையில் வாணலியோடு இறங்கினாள். பிறகு கழுகுக் குழு வந்து முதல் தண்ணீரை அடித்தது. ஆட்கள் தொப்பியை வீசிக் கூத்தாடினார்கள். சமையலறை அதற்குள் தரைமட்டம். அன்று முழுக்க ஹெப்சிபா பேசவில்லை. முப்பது வருடத்தில் முதல் முறை. ஆற்றுக்கு அக்கரையில்கூட அந்த அமைதி கேட்டதாம்.

செவ்வாய்க்கிழமை சபைக்கு அவளும் வந்தாள். கருகிய பாவாடை, கையில் அதே வாணலி. இடமில்லாமல் சுவரோரம் நின்றாள். மேயர் வழக்கம்போல் தன் பீப்பாய் மேல். ஜன்னலுக்கு வெளியே கழுகுக்காரர்கள் கத்தினார்கள்: "அசையாதே லெம்! உக்காந்தே இரு!"

குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். "நீராவிப் பம்பு வேணும்ங்கறவங்க எந்திரிச்சு நில்லுங்க."

நாலு பேர் எழுந்தார்கள். எல்லாரும் மேயரைப் பார்த்தார்கள். மேயர் வாணலியைப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்காலிலும் கை ஊன்றி மெல்ல எழுந்து நின்று, பீப்பாயைக் காலால் ஹெப்சிபா பக்கம் தள்ளிவிட்டார்.