"அவர் இல்லை" என்று சொன்னேன்

நண்டுக் கொம்பனியில் எல்லோருக்கும் பாதி முகம்தான். தலையில் வலைத்தொப்பி, வாயில் முகமூடி, நடுவில் இரண்டு கண்கள். குளிரூட்டிய மண்டபத்தில் பெண்கள் வரிசையாக இருந்து, அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுப்போம். யார் கதைக்கிறார்கள் என்று வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குரல் மட்டும் வரும். "பிள்ளை, வாசலுக்கு நேர படுக்காதையும்." "பொழுதுபட்டாப் பிறகு கடற்கரைக்குத் தனியப் போகாதையும்." "ஆராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா உடன ஓமெண்டு சொல்லாதையும். மூண்டாந்தரம் கூப்பிட்டாப் பாப்பம்." நிமிர்ந்து பார்த்தால் எல்லாக் கண்களும் நண்டில் இருக்கும். மன்னாருக்குத் திரும்பி மாதங்களாகியும் இந்த ஆளில்லாப் புத்திமதி எனக்குப் பழகவில்லை.

இதைச் சொன்னால் நோர்வேயில் இருக்கும் என் சிநேகிதிகளுக்குச் சிரிப்பு வரும். அங்கும் நாங்கள் இதே தொப்பியும் முகமூடியுமாகத்தான் மீன் வெட்டினோம். ஆனால் அங்கே ஒருவர் மற்றவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கும் றெஜிக்கும் விவாகரத்தானபோது சாப்பாட்டு அறையே வாயைப் பொத்திக்கொண்டது. எதிரில் இருக்கும் பேரித் மட்டும் கோப்பி ஊற்றித் தந்து, "கோ போ தூர்" என்றாள். காட்டுக்குள் நடந்துவிட்டு வா என்று பொருள். அந்த நாட்டில் காய்ச்சலுக்கும் கவலைக்கும் அதுதான் மருந்து. எனக்கு அது "தூரப் போ" என்றே கேட்டது. இந்த பேரித்திடம் நான் முன்பும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெடுநாள் சுகயீனமாகக் கிடந்து திரும்பியபோது, வாசலில் வைத்தே "லேவெர் டூ?" என்றாள். உயிரோடுதான் இருக்கிறாயா? கன நாளாகக் காணாத ஆளை அங்கே அப்படித்தான் பகிடியாக வரவேற்பார்கள். நான் அது தெரியாமல், "ஓம், இருக்கிறேன், கடவுள் கிருபை" என்று பயபக்தியோடு பதில் சொன்னேன். ஒரு கிழமை சிரித்தார்கள்.

சரி, தூரப் போவோம் என்று வந்துவிட்டேன். என் ஊர் நறுவிலிக்குளம். அங்கே போனால் விசாரிக்க ஆள் கூட. அதனால் மன்னார்த் தீவிலேயே ஓர் அறை எடுத்து, நண்டுக் கொம்பனியில் சேர்ந்தேன். முதல் நாள் தேத்தண்ணி நேரத்தில் பிலோமினா அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். மண்டபத்தில் மூத்தவர், கண்ணால் கதைக்கிறவர்.

"அவர் எங்க பிள்ளை?"

பன்னிரண்டு வருட நோர்வே வாழ்க்கையில் பழகிப்போய், என் தலை முதலில் அந்த மொழியில் வாக்கியத்தைக் கட்டிவிடும், நாக்கு பிறகுதான் தமிழாக்கும். எனக்கு இப்போது கணவன் இல்லை என்று அங்கே சாதாரணமாகச் சொல்லலாம். அதையே சொன்னேன். "இப்ப அவர் இல்லை அக்கா."

அவருடைய கண்கள் நிறைந்தன. "கடலோ?"

தொழிலைக் கேட்கிறார் என்று நினைத்தேன். றெஜி மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறவர். "ஓம், கடல்தான்" என்றேன். பேரையும் கேட்டார், சொன்னேன்.

பிலோமினா அக்காவின் மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடலும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் தெரியவந்தது. அன்று காலை தன் கதிரையை நகர்த்தி, தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் எடுத்து வைத்திருந்தார். பிழையைத் திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் முகமூடிக்குள் இருந்து ஒரு குரல், "பாவம், ரெண்டு பேருக்கும் ஒரே சிலுவை" என்றது. வாயை மூடிக்கொண்டேன். பிரிந்து வந்தவள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். ஏன், எதற்கு, போய்ச் சேர்ந்து இரும், பாதர் என்ன சொன்னவர். அந்தப் புத்திமதிகளை விட இது மேல். அதைவிட, அந்தக் கதிரைப் பக்கத்து இடத்தை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த உலகத்தில் அப்போது எனக்கென்று இருந்தது அந்த ஓரிடம்தான்.

ஐப்பசியில் காற்று மாறியது. கரையோரக் காற்றாலைகளின் முனகல் அறைக்குள் வரை வந்தது. ஒரு காலையில் பிலோமினா அக்கா நண்டை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"உம்மட அவர் இரவு கனவில வந்தவர். வாசல்ல நிண்டவர். ரெண்டு கையையும் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு. உள்ள வாங்கோ எண்டனான், வரேல்லை. கால் ரெண்டும் ஈரம்."

என் கத்தி வழுக்கியது. கப்பலால் வந்ததும் றெஜி அப்படித்தான் நிற்பார். விறைத்த விரல்கள் பொத்தானைக் கழற்றும் பதத்துக்கு வரும்வரை, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நடைவழியில். அவருடைய படத்தைக்கூட நான் இங்கே யாருக்கும் காட்டியதில்லை. மதியம் கழிப்பறைக்குள் நின்று போனைத் திறந்தேன். வட்சப்பில் அவர் முகம் இருந்த வட்டத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றுதான் இருந்தது. படத்தை எடுத்துவிட்டார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். அன்றிலிருந்து வாசலுக்கு நேரே நான் படுக்கவில்லை.

செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தும் ஆத்துமாக்கள் திருநாள் மாலை, வேலை முடிந்த கையோடு எங்களில் சிலர் சேமக்காலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. கல்லறைகள் எல்லாம் வெளிச்சமாக இருக்க, எங்களைப் போன்றவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் கூடினோம். வேறெங்கோ அடக்கப்பட்டவர்களுக்கும், கிடைக்காமலே போனவர்களுக்கும் அங்கேதான் மெழுகுதிரி. பிலோமினா அக்கா தன் மனுசனுக்கு ஒன்று கொளுத்தினார். அதிலிருந்து இன்னொன்றைப் பற்ற வைத்து, "றெஜிக்கு" என்று ஊன்றினார். சுடர் நேராக நின்றது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது கையில் போன் அதிர்ந்தது. திரையில் றெஜி என்ற பெயர். அக்காவும் கண்டுவிட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. முகமூடி இல்லாத அவருடைய முழு முகத்தையும் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. பயமும் இல்லை. என்னால் பார்த்துத் தாங்க முடியாத ஒன்று இருந்தது. மூன்றாம் தரம் அடித்தது.

"எடும் பிள்ளை," என்றார். "எனக்கு வந்திருந்தா நான் எடுத்திருப்பன்."

எடுத்தேன். காற்று இரைந்தது, அங்கேயா இங்கேயா தெரியவில்லை. பிறகு, கன நாளாகக் காணாத ஆளிடம் கேட்பதுபோல அந்தக் குரல் கேட்டது.

"லேவெர் டூ?"

பக்கத்தில் அக்கா கதை கேட்கக் காத்துக்கொண்டிருந்தார். சிலுவையடியில் றெஜிக்கு ஊன்றிய திரி எரிந்துகொண்டிருந்தது. ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த மொழியிலும் அது வரவில்லை.